என் வீட்டுக்காரரின் பால் ஹார்மோன்

கடையில் எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது பையன். வீட்டில் ஒன்றும் கிடையாது.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஆரம்பிக்கவில்லை. நான் நிற்கும் பிரிவு அப்படி. தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் நைட்டி விற்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. அந்தப் பிரிவில் ஃபீடிங் நைட்டி என்று ஒரு தனி அலமாரி உண்டு. பிள்ளை பெற்றவர்கள் போட்டுக்கொள்வது, பால் கொடுக்க வசதியாக இரண்டு பக்கமும் ஜிப் வைத்தது. மற்ற நைட்டி வாங்க வருகிறவர்கள் நிறத்தையும் துணியையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஃபீடிங் நைட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஆயிரம் சந்தேகம். ஜிப் குழந்தையின் கன்னத்தில் குத்துமா, பால் கறை போகுமா, மழைக்காலத்தில் சீக்கிரம் காயுமா. எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆனால் கடைசியாக ஒரு கேள்வி வரும்.

"உனக்கு எத்தினி கொழந்தங்கம்மா?"

இல்லை என்று சொன்னால் அவ்வளவுதான். கையிலிருக்கும் நைட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வியாபாரம் நின்றுவிடும், என் கதை ஆரம்பித்துவிடும். எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்தக் கஷாயம். ஓர் ஆடித் தள்ளுபடியின்போது, கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், ஓர் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். அவர் நிம்மதியாக மகளுக்கு மூன்று நைட்டி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு.

சிக்கல் என்னவென்றால், சிலர் திரும்பவும் வருவார்கள். "உன் பொண்ணு இன்னா படிக்குது?" என்று ஞாபகமாகக் கேட்பார்கள். எனக்கு முழிக்கத்தான் தெரியும். பக்கத்தில் பாவாடைப் பிரிவில் நிற்கும் என் சிநேகிதிதான் அப்போதெல்லாம் காப்பாற்றுவாள். ராயப்பேட்டைக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள். எனக்கு முன்னாலேயே அந்தக் கடையில் சேர்ந்தவள். ஒரு தடவை கூட்டம் குறைந்ததும் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அரே, போன வருஷமும் ரெண்டாங்கிளாஸ், இந்த வருஷமும் ரெண்டாங்கிளாஸா? பாவம், பொண்ண ஏன் ஃபெயிலாக்கற? மூணுன்னு சொல்லு."

இரண்டு பேரும் துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான், கொஞ்சம் அழுகையும் வந்தது.

எங்கள் வீடு மந்தைவெளியில். ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. அவர் ஏசி மெக்கானிக். பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் அவர் போன் ஓயாது. என் மாமியார் அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு வீட்டுக்கு வேலை செய்கிறவர். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். வேலை செய்யும் வீடுகளில் யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே எனக்காகக் கொண்டுவந்துவிடுவார். வெந்தயம், எள், அத்திப்பழம், பேரீச்சம்பழம் எல்லாம் முடிந்து கடைசியில் வந்தது மலைவேம்பு.

மலைவேம்பு இலையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் குடித்திருக்கிறவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். குடிக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. வேப்பிலையெல்லாம் அதற்கு முன்னால் அல்வா. மாதவிலக்கு வந்த காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பார்.

"கண்ண மூடிக்கினு குடிச்சுடும்மே. கொழந்தன்னா சும்மாவா வரும்?"

நானும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். அவருக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது. என் உடம்பில் ஏதோ கோளாறு, அதைச் சரிபண்ணிவிட்டால் பேரப்பிள்ளை வந்துவிடும் என்று உறுதியாக நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். வேறு விதமாக நினைக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கல்யாணமாகி நான்கு வருஷம் ஆனபோது, பெரும்பாக்கத்திலிருந்து என் அம்மா வந்தார். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கத்தில் எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓடும் நாளாகப் பார்த்துத்தான் அம்மா கீழே இறங்குவார். இறங்கி வந்தவர் நேராக என்னை ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசுவார், சத்தமாகவே சிரிப்பார். தைராய்டு பார்த்தார்கள், நீர்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த ஒன்றுதான் வலித்தது. எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா என் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு. அந்த மலைவேம்பையும் நிறுத்திடு. உன் வீட்டுக்காரர எப்போ கூட்டிட்டு வர?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

"சீசன் டைம்மே. மெட்ராஸே வெந்துகினு கீது. எப்புடி வர்றது?"

கோடை முடிந்தது. மழைக்காலத்தில் கேட்டேன். மழையில் எல்லா இடத்திலும் ஏசியின் கன்ட்ரோல் போர்டு நனைந்து பழுதாகிறது என்றார். மார்கழியில் கேட்டேன். மார்கழியில் யார் ஏசி போடுகிறார்கள் என்று எனக்கே தெரியும். அவரோ, சர்வீஸ் செய்யத்தான் மார்கழி நல்ல நேரம் என்றார். சண்டை போட்டேன். அவர் டூல் பையைக் கொட்டித் திரும்ப அடுக்கினார். பயம் என்று புரிந்தது. பயப்படுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

"ஏசி மெக்கானிக்னுதானே சொன்ன? நம்பரப் போட்டுக் குடு."

என் போனிலேயே பேசினார். "சார், நான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. என் ரூம்ல ஏசி ஒழுகுது. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், யாரும் வர மாட்டேங்கறாங்க. நீங்க வந்து கொஞ்சம் பாக்கறீங்களா?"

ஒழுகும் ஏசி என்று கேட்டால் என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. டூல் பையோடு வந்துவிட்டார். ஏணி வாங்கி ஏறினார். தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு. ஊதிச் சுத்தம் செய்தார், ஃபில்டரைக் கழுவி மாட்டினார். அறை ஜில்லென்று ஆனது. இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "வரேங்க மேடம்" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். "எங்க போறீங்க? உக்காருங்க. என் ஏசியப் பாத்தாச்சு. இப்போ நான் உங்களப் பாக்கணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். நர்ஸ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். தப்பிக்க வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார்.

அன்றைக்கே விந்துப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது காது வரைக்கும் சிவந்திருந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர், இவர் போன மாதம் ஏசி மாட்டிய ஒரு வீட்டின் சொந்தக்காரராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தையே படித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

முடிவு வந்தது. உயிரணு மிகவும் குறைவு. இன்னொரு தடவை பார்த்தார்கள், அதேதான். டாக்டரம்மா சும்மா பேசுகிற மாதிரி பல கேள்விகள் கேட்டார். தலைவலி உண்டா? உண்டு; வெயிலால் என்று நினைத்திருந்தோம். அலுப்பு? உண்டு. இராத்திரி படுத்ததும் தூங்கிவிடுவார். மாடி மாடியாக இயந்திரத்தைச் சுமந்து ஏறுகிறவருக்கு அலுப்பு இருக்காதா என்று நானும் விட்டிருந்தேன். ஷேவிங் எப்போது செய்துகொள்வீர்கள்?

"மாசத்துல ஒரு தபா மேடம். எனக்கு மொகம் அப்டியே வழவழன்னு இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார்.

"எப்பவுமே அப்படியா?"

அவர் யோசித்தார். "கல்யாணத்தப்போ நல்லா தாடி இருந்துச்சு." சொல்லிவிட்டு, முதல் தடவையாகத் தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்தார்.

அதே ஆஸ்பத்திரியில் வேறொரு கட்டடத்தில் இருந்த ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் இளம் வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் உங்களுக்கு ரொம்ப ஏறியிருக்கு" என்றார்.

"அது இன்னா சார்?"

"குழந்தை பெத்தவங்களுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்."

என் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். "சார், அது லேடீஸ் சமாச்சாரம். ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும். பாவம், யாரோ ஒரு பொம்பளயோடது எங்கிட்ட வந்துடுச்சு. அவங்கள தேடிக் குடுத்துடுங்க."

"மாறல. ஆம்பளைங்களுக்கும் அது கொஞ்சம் இருக்கும். உங்களுக்குத்தான் அளவுக்கு மேல இருக்கு."

நம்பாமல் மறுபடியும் இரத்தம் கொடுத்தார். மறுபடியும் அதேதான். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, தைராய்டு எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர்.

படம் எடுத்து முடிவு வரும் வரைக்கும் இருந்த நாட்கள்தான் மோசம். மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்து போனோம். வறுத்த மீன் வாங்கினோம். அவர் தொடவில்லை. அலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு எதுனா ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"மீன் ஆறுது. துன்னு" என்றேன்.

"இல்லமே, நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன் மாமா. முள்ளு பாத்துத் துன்னு."

தின்றார். பாதி மீனுக்கு மேல் பேச்சு மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறையில் போட்டிருக்கும் ஏசி எத்தனை டன் இருக்கும், அந்தக் குளிருக்குக் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது.

முடிவு வந்த அன்று ஹார்மோன் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி, பிட்யூட்டரி என்று பெயர். உடம்பில் மற்ற பல சுரப்பிகளுக்கு அதுதான் உத்தரவு போடுகிறது. அதில் மிளகை விடச் சின்னதாக ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் அது பால் ஹார்மோனை அளவில்லாமல் விட்டுக்கொண்டிருக்கிறது. அது ஏறியதால் ஆண் ஹார்மோனுக்குப் போக வேண்டிய உத்தரவு நின்றுபோயிருக்கிறது. டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ கம்ப்ரஸர் நல்லாத்தான் கீது. கேஸும் கீது. கன்ட்ரோல் போர்டுதான் சிக்னல் அனுப்ப மாட்டேங்குது. அதான சார்?"

டாக்டர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்தார். "அதேதான்."

"போர்டக் கழட்டணுமா?"

"வேண்டாம். ஆபரேஷனே தேவைப்படாது. வாரத்துக்கு ரெண்டு நாள் மாத்திரை. கட்டி தானா சுருங்கும், ஹார்மோன் எறங்கும். கொஞ்ச மாசம் ஆகும், பொறுமையா இருக்கணும்."

வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். அவர் இன்னொரு டீயும் வாங்கிக் குடித்தார். ஒரு வாரமாக எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்த காற்று இரண்டு பேருக்குமே வெளியே வந்தது.

மாத்திரை பார்க்கக் கடுகு மாதிரி இருக்கும். வேலை மட்டும் பெரியது. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், முதலில் கொஞ்சம் குமட்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முதல் மாத்திரை போட்ட மறுநாள் காலையில் அவருக்குத் தலைசுற்றல். குழாயடியில் போய்க் குனிந்து ஓங்கரித்தார். இரண்டாவது மாத்திரைக்கும் அதே மாதிரி. மாமியார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கூடையைக் கீழே வைத்தார்.

"இன்னாடா நைனா, மசக்கக்காரி கணக்கா வாந்தி எடுக்கற? பொண்டாட்டி எடுக்க வேண்டியத நீ எடுத்துக்கினு கீற?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் முடியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, அம்மாவை உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். பால் ஹார்மோன் உட்பட.

மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வம்சத்தில் ஆம்பிளைகளுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது என்றார். டாக்டருக்கு என்ன தெரியும் என்றார். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நாள் முழுக்கக் கடையில் எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சமையல் தடுப்பில் மாமியார் கையில் டம்ளரோடு நிற்கிறார். முந்தின நாள்தான் யாரோ கொடுத்தார்கள் என்று மலைவேம்பு இலை கொண்டுவந்திருந்தார். நான் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதை அரைத்துப் பிழிந்து, எனக்கு ஊற்றும் அதே டம்ளரில் ஊற்றி, பாதியைக் குடித்திருந்தார். கண்ணில் தண்ணீர், முகம் எட்டுக் கோணல்.

"இத்தயாமே இத்தினி நாளா குடிச்ச?" என்றார். "த்தூ. மனுஷி குடிப்பாளா இத்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, எனக்கு ஒரு டம்ளரில் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மாமியாரின் அக்கா வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு வந்தது. மந்தைவெளியிலேயே ஒரு சின்ன மண்டபம். மனையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அந்தப் பெண் எனக்குப் பிடித்தவள். என் கடையிலேயே அவளுக்காக ஒரு நைட்டி எடுத்து வைத்திருந்தேன். நானும் வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாமியாரின் அக்கா குறுக்கே வந்தார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் என் கையைப் பிடித்தார்.

"நீ இருந்துக்கம்மா. உனக்குப் பொறக்கட்டும், அப்பாலிக்கு எல்லாருக்கும் போடுவ."

மண்டபத்தில் மேளம் கூட இல்லை. எல்லோருக்கும் கேட்டது. வளையல் என் கையில் இருந்தது. திரும்பிப் போவதா, அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது பந்தி போடும் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"பெரிம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் ஹார்மோன் கம்ப்ளைன்ட். டாக்டரே சொல்ட்டாரு. மாத்திரை போட்டுக்கினு கீறேன். தடுக்கறதுன்னா என்னத் தடு."

அவ்வளவு பேர் நடுவில் கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். குரல் நடுங்கவில்லை. அங்கே நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என் மாமியார்தான் முதலில் அசைந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கை போட்டார்.

"ஆமாக்கா. எம்மவனுக்குத்தான். நீ கொஞ்சம் நவுரு, எங்க வூட்டுப் பொண்ணு வளையல் போடட்டும்."

அக்கா நகர்ந்தார். நான் போய் வளையல் போட்டேன். மனையில் இருந்த பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுக்கா" என்றாள். போட்டேன்.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் மண்டபத்து வாசல் படிக்கட்டில் என் வீட்டுக்காரரைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துப் பதறிப்போனேன். கிட்டே போனால், ஒருவர் தனக்கும் தாடி குறைந்துவிட்டது என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டும் ஒரு மாமா குரலைத் தாழ்த்தி, "மாப்ள, அந்த டப்பாவ வூட்லயிருந்து எடுத்துக்கினு போனா ஒத்துக்குவாங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் கை காலை ஆட்டிக் கன்ட்ரோல் போர்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மாதங்கள் போயின. குமட்டல் நின்றது, தலைவலி நின்றது. ஹார்மோன் அளவு ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் தாடி மட்டும் ஏறியது. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "மே, இங்க வந்து பாரேன், சொரசொரங்குது" என்று கூப்பிட்டார். என் கையைப் பிடித்துத் தன் தாடையில் தேய்த்தார். உப்புத்தாள் மாதிரி இருந்தது. இராத்திரிகளில் அவர் படுத்ததும் தூங்குவதும் நின்றுவிட்டது. அதற்குமேல் எழுதினால் என் மாமியார் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார்.

தீபாவளிக் கூட்டம். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய் மாம்பலம் ஸ்டேஷனில் விட்டுவிடும். அப்படியொரு நாளில் நைட்டி அலமாரிக்கு முன்னால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிநேகிதி ஓடிவந்து தாங்கி, பாவாடைக் கட்டின்மேல் உட்கார வைத்தாள். மதியச் சாப்பாட்டு இடைவெளியில் மருந்துக்கடைக்குப் போய்ச் சோதனைப் பட்டை வாங்கி வந்தவளும் அவள்தான். இரண்டு கோடு. கடையின் பின்பக்கத்துக் கழிப்பறை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றோம். அவள் அழுதுகொண்டே என் காதில், "முபாரக்டி. இப்போ கஸ்டமருக்கு என்ன சொல்லப் போற? மூணாவதுன்னா?" என்றாள்.

அப்படித்தான் ஆனது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு பத்தாதா?" என்று கண்டித்துவிட்டுப் போனார். "ஆசையா இருந்துச்சும்மா" என்று சொன்னேன். அது பொய் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. அதே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வார்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏசி மெக்கானிக் பொண்ணா? அதான் இப்படி ஒரு சத்தம்" என்றார். முதல் இரண்டு நாள் பால் சரியாக வரவில்லை. நர்ஸ் அம்மா குழந்தையை மாரில் போட்டுச் சப்ப விடுங்கள், அப்போதுதான் புரோலாக்டின் ஏறும், பால் வரும் என்றார். கட்டில் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சிஸ்டர், அதான் எங்கிட்ட தேவைக்கு மேல இருந்துச்சே. அப்பவே இவளுக்கு மாத்திவுட வழி இருந்திருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். எனக்கும் தையல்தான். மூன்றாம் நாள் பால் வந்தது. அதற்குப் பிறகு குறைவே இல்லை. நான் மாடியில் விற்றுக்கொண்டிருந்த நைட்டியை நானே போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஜிப் உண்மையிலேயே கொஞ்சம் குத்துகிறது.

அவர் இன்னும் மாத்திரை போடுகிறார். இப்போது வாரத்துக்கு ஒன்றுதான். கடைசியாக எடுத்த படத்தில் கட்டியைத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிறுத்தலாமா என்று யோசிப்போம் என்றார் ஹார்மோன் டாக்டர். வளைகாப்பில் என் கையைப் பிடித்துத் தடுத்த பெரியம்மா குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஆட்டோ ஓட்டும் மாமா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அவருக்குத் தைராய்டு என்று தெரிந்து, அவரும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் மொட்டை அடிக்கப் பேச்சு வந்தது. எந்தக் கோயிலில் என்று கேட்டேன். மாமியார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே, எங்களுக்குத் தெரியாமல் வேண்டிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு மாரியம்மன், ஒரு முருகன், திருப்பதி, அப்புறம் அவர் அம்மா ஊர்ப் பக்கம் ஒரு முனீஸ்வரன். எல்லா இடத்திலும் மொட்டைதான் வேண்டியிருக்கிறார்.

"யம்மா, கொழந்தைக்கு ஒரு தலதான கீது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற? சாமிகிட்ட போய்க் கம்மி பண்ணுன்னு பேரம் பேசறதா?"

உட்கார்ந்து பங்கு பிரித்தோம். குழந்தைக்கு மாரியம்மன். திருப்பதிக்கு அவர். முருகனுக்கு என் தம்பி. தாய்மாமன் என்ற முறையில் அவனாகவே ஒத்துக்கொண்டான். முனீஸ்வரனுக்குத் தானே அடித்துக்கொள்வதாக மாமியார் சொல்லிவிட்டார். யார் தடுத்தும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கினோம். என் தம்பி மடியில் உட்கார்ந்து தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். முடித்துச் சந்தனம் பூசியதும், தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும் தலையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சந்தனமெல்லாம் என் தம்பி சட்டையில் அப்பியது.